உங்கள் ஆப் யாருக்குச் சொந்தம்?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஆப் எழுதுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பெரிய கம்பனி ஒன்று நம்ம வேலையை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது?"

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் புத்தகம், கட்டுரை போன்ற ஒரு படைப்பாகவே பார்க்கிறது. எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுடையது. அதற்காக எங்கும் பதியவோ பணம் கட்டவோ கொழும்புக்கு பஸ் ஏறவோ வேண்டியதில்லை, தோட்டத்து லயத்துக் காம்பராவில் பழைய லெப்டொப்பில் எழுதியிருந்தாலும் சரி. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 70 வருடங்களும் அந்த உரிமை இருக்கும். வேண்டுமென்றே அதை மீறுகிறவருக்கு நீதவான் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம், இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம்.

ஆனால் யோசனைக்குப் பாதுகாப்பு இல்லை. அம்மா எடுத்த தேயிலைக் கொழுந்து எத்தனை கிலோ, எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) விழுந்தது, சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று போனிலேயே கணக்குப் பார்க்க ஒரு ஆப் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு கம்பனி தானே முதலிலிருந்து எழுதினால் தடுக்க முடியாது, நீங்கள் எழுதிய நிரலைப் பிரதி எடுத்தால் தடுக்கலாம். அதனால் ஆப் ஓடுவதைக் காட்டுங்கள், நிரலைக் கொடுக்காதீர்கள். பதிவு என்று ஒன்று இல்லாததால் சாட்சி முக்கியம்: நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் திகதியோடு கிடக்கும் ஒவ்வொரு மாற்றமும், அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலும் உங்களுக்காகப் பேசும்.

அப்புறம் ஒப்பந்தம். வேலைக்குச் சேர்ந்து, அந்த வேலையின் பகுதியாக எழுதினால் அதன் பொருளாதார உரிமை, அதாவது அதைப் பிரதியெடுக்கவும் விற்கவும் உள்ள உரிமை, முதலாளிக்கு, ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொன்னால் தவிர. மற்றபடி உரிமையைக் கைமாற்ற இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து மூல ஆவணம் வேண்டும். நான் ஒரு நிறுவனத்துக்கு வெளியில் இருந்து வேலை செய்தபோது, ஆங்கிலத்தில் வந்த ஒப்பந்தத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருட உழைப்பு ஒரு வரியில் அவர்களுடையதாகிவிட்டது, அது இன்னும் எனக்கு வலிக்கிறது. விளங்காவிட்டால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் ஆப்பின் பெயரும் பத்திரமாகிவிடாது, இரண்டும் வேறு வேறு. ஆப்பின் பெயரையும் சின்னத்தையும் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாக (trademark) பதிய வேண்டும். அது 10 வருடங்களுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். இதற்குக் கட்டணம் உண்டு, அதனால் அதே பெயரையோ அதைப்போல் ஒலிக்கும் பெயரையோ வேறு யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.