மேடை இருந்தால் மட்டும் அது சட்டப்படியான தூக்கு ஆகிவிடாது

பெரும் கூட்டம், நடுவில் ஒரு கயிறு, கீழே "அமெரிக்கக் கிராமத்தில் பொதுத் தூக்கு" என்று ஒரு வரி. இப்படிப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் அடிக்கடி பகிரப்படுகின்றன. அவற்றில் சில நீதிமன்றம் விதித்த தண்டனைகள். சில, கும்பல் செய்த கொலைகள். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், கொலைக்குச் சட்டத்தின் முத்திரையை நாமே குத்திக்கொடுத்தது போல் ஆகிவிடும்.

படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள், காகிதத்தைத் தேடுங்கள். சட்டப்படி நடந்த தூக்குக்குக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிமன்றத்தின் தீர்ப்பு இருக்கும், தண்டனையை நிறைவேற்றச் சொல்லும் மரண வாரண்ட் இருக்கும், எந்த நாள் எத்தனை மணிக்கு நிறைவேற்றினேன் என்று கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் எழுதித் திருப்பி அனுப்பிய குறிப்பும் இருக்கும். கும்பல் கொலையில் இவை எதுவும் இருக்காது. மிஞ்சினால் பிண விசாரணை அறிக்கை ஒன்று கிடைக்கும். "பெயர் தெரியாத நபர்களின் கையால் மரணம்" என்ற வாசகத்தை அதில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஊரே கூடி நின்று பார்த்திருக்கும், புகைப்படக்காரர் அதை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்றிருப்பார். ஆனாலும் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது!

மரக்கிளை என்றால் கும்பல், மேடை என்றால் அரசு என்று பிரிப்பதும் சரிவராது. 1893இல் டெக்சஸ் மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் ஹென்றி ஸ்மித் என்ற கறுப்பினத்தவரை ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றார்கள். விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஆனால் உயரமான மேடை இருந்தது. அதன்மேல் "நீதி" என்று பெயிண்டில் எழுதியும் வைத்திருந்தார்கள்.

சட்டப்படியான தூக்கு ஏன் சின்ன ஊர்களில் நடந்தது? தண்டனை விதிப்பதும் நிறைவேற்றுவதும் கவுண்டியின் பொறுப்பாக இருந்ததுதான் காரணம். வடகிழக்கு மாநிலங்கள் 1830களிலேயே தூக்கைச் சிறை மதிலுக்குள் கொண்டுபோகத் தொடங்கின. மற்ற பகுதிகளில் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அங்கே மதிலைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மின்சார நாற்காலி என்பது எங்கள் கணிப்பு. 1890இல் நியூயார்க் மாநிலம் அதை முதன்முதலில் பயன்படுத்தியது. கவுண்டிக்கு ஒன்று என்று அதை வைக்க முடியாது. ஆகவே மாநிலச் சிறையில் ஒன்றை வைத்துக் கைதிகளை அங்கே அனுப்பினார்கள், ஊர்த் திடலில் தூக்கு குறைந்தது.

கென்டக்கி மாநிலமும் அப்படித்தான் செய்தது, ஆனால் ஒரு விலக்கு வைத்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, கொலைக்கு எடிவில் சிறையில் மின்சார நாற்காலி. பாலியல் வன்முறைக்குக் கவுண்டியிலேயே தூக்கு. 1936 ஜூனில் ஓவன்ஸ்பரோவில் ஒரு மூதாட்டி கொல்லப்பட்ட வழக்கில் ரெய்னி பெதியா என்ற கறுப்பின இளைஞர் பிடிபட்டார். அரசு வழக்கறிஞர் கொலைக் குற்றம் சாட்டவே இல்லை, பாலியல் வன்முறை ஒன்றை மட்டுமே சாட்டினார். கொலையையும் சேர்த்தால் தண்டனை எடிவிலுக்குப் போய்விடும். ஜூன் 25 அன்று விசாரணை, ஜூரி யோசித்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. இந்த வழக்கைப் படிப்பவர்கள் தீர்ப்பைவிடக் குற்றப்பத்திரிகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதல் வாரண்டில் இடம் நீதிமன்ற முற்றம் என்று இருந்தது. அங்கே புதிதாகப் பூச்செடிகள் நட்டிருந்தார்கள். கூட்டம் மிதித்துவிடும் என்பதால் கவுண்டி கராஜ் பக்கத்துக் காலி மனைக்கு மாற்றி இரண்டாவது வாரண்ட் போட்டார்கள். ஆகஸ்ட் 14 விடியற்காலை, சுமார் 20,000 பேர் கூடினார்கள். ஷெரிஃப் ஃபுளோரன்ஸ் தாம்சன் ஒரு பெண் என்பதாலேயே வெளியூர்ப் பத்திரிகைகள் திரண்டு வந்தன. விசையை இழுக்க முன்வந்த முன்னாள் போலீஸ்காரர் குடித்துவிட்டு வந்திருந்தார். சைகை கொடுத்தும் அவர் அசையவில்லை, கடைசியில் ஒரு துணை ஷெரிஃப் விசையை அழுத்தினார். நினைவுப்பொருளுக்காகக் கூட்டம் பாய்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. உள்ளூர்க்காரர்கள் அதை மறுத்தார்கள். ஆகவே வெளியூர்ச் செய்தியை மட்டும் வைத்து எழுத வேண்டாம். 1938இல் கென்டக்கி அந்த விலக்கை நீக்கியது.

தலைமுறைக்கு ஒரு தூக்கு நடக்கும் ஊரில் கைப்பழக்கம் எப்படி வரும்? 1901இல் நியூ மெக்சிகோவின் கிளேட்டனில் டாம் கெச்சம் தூக்கிலிடப்பட்டார். சிறையில் அவர் உடல் பெருத்திருந்தது, கயிற்றின் நீளக் கணக்கு தப்பியது, தலை துண்டானது. மின்னசோட்டாவில் 1889 முதல் தூக்கு விடியுமுன் மதிலுக்குள் நடக்க வேண்டும், விவரத்தைப் பத்திரிகைகள் எழுதக் கூடாது என்று சட்டம் இருந்தது. 1906இல் அங்கே செயின்ட் பால் நகரில் வில்லியம் வில்லியம்ஸின் கால்கள் தரையைத் தொட்டுவிட்டன. காவலர்கள் சுமார் 14 நிமிடம் கயிற்றைக் கையால் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இதை எழுதிய பத்திரிகைகளுக்கு அபராதம் போட்டார்கள். 1911இல் அந்த மாநிலம் மரண தண்டனையையே ஒழித்தது.

கடைசியாக ஒரு சிக்கல்: அமெரிக்காவின் கடைசிப் பொதுத் தூக்கு எது? 1937 மே மாதம் மிசௌரியின் கலீனாவில் ராஸ்கோ ஜாக்சன் தூக்கிலிடப்பட்டார். வேலி போட்டிருந்தார்கள், ஆனால் அனுமதிச் சீட்டோடு நூற்றுக்கணக்கானோர் உள்ளே நின்றார்கள். "கடைசிப் பொதுத் தூக்கு" என்று எழுதுவதானால் ஓவன்ஸ்பரோ என்று எழுதுங்கள். கலீனாவைக் குறிப்பிட்டால் வேலியையும் சீட்டையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.