ரீயூனியனில் தங்க இடமில்லாத இளைஞருக்கு: முதலில் முகவரித் தாள், அப்புறம் மற்றதெல்லாம்

வீடில்லாதவர் என்றதும், இந்தியப் பெருங்கடலில் உள்ள நம் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், தலைநகர் சேன்-தெனியின் கடற்கரையோரம் அட்டை விரித்துப் படுத்திருப்பவரைத்தான் நினைக்கிறோம். நம் குடும்பங்களில் அது பெரும்பாலும் வேறு விதமாக நடக்கிறது. அப்பாவோடு சண்டை, அம்மாவின் புதுத் துணையோடு ஒத்துவரவில்லை, வாடகை பாக்கியால் குடும்பமே சிதறிவிட்டது. இப்படி வெளியே வந்த பிள்ளை சேன்-அந்த்ரேயில் அத்தை வீட்டுச் சோபாவில் சில நாள், சேன்-லூயியில் நண்பன் அறையில் சில நாள், நடுவே காருக்குள் சில ராத்திரி என்று காலத்தை ஓட்டும். கேட்டால், "எனக்கு இடம் இருக்கே" என்று சொல்லும். சட்டம் அதை இடம் என்று கணக்கில் எடுப்பதில்லை. பிறர் வீட்டில் தற்காலிகமாக ஒண்டியிருப்பவரும் நிலையான குடியிருப்பு இல்லாதவர்தான். கீழே சொல்லும் உரிமைகள் அவருக்கும் உண்டு.

இரவுத் தங்குமிடமும் தொழிற்பயிற்சியும் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது முகவரியை. மிசியோன் லொக்கால் (இளைஞருக்கு வேலை, பயிற்சி வழிகாட்டும் அலுவலகம்), காஃப் (குடும்ப உதவித்தொகை அலுவலகம்), வங்கி, அடையாள அட்டை என எந்தக் கவுன்டரில் நின்றாலும் முதலில் முகவரி கேட்பார்கள். "அண்ணா, வீடு இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்?" என்று ஒரு பையன் சலித்துக்கொண்டால் அதில் தப்பில்லை. இதற்காகவே பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. பெயர் தொமிசிலியாசியோன். உங்கள் கொம்யூனின், அதாவது ஊராட்சிப் பகுதியின், சமூக உதவி அலுவலகமான சே-சே-ஆ-எஸ், அல்லது அரசு அங்கீகரித்த ஒரு சங்கம், தன் முகவரியையே உங்களுக்குத் தரும். உங்கள் கடிதங்கள் அங்கே வந்து சேரும். செலவு எதுவும் இல்லை.

விண்ணப்பப் படிவத்தின் எண் 16029. கையில் கிடைக்கும் சான்றின் எண் 16030. படிவத்தைக் கொடுத்ததும் ஒரு நேர்காணல் வைப்பார்கள். இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கொம்யூனோடு உங்களுக்கு ஏதாவது ஒரு தொடர்பு இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை. அங்கே தங்கியிருப்பது, வேலை, பயிற்சி, உறவினர் இருப்பது, இதில் ஒன்று போதும். "எத்தனை மாதமாக இங்கே இருக்கிறாய்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால் விட்டுவிட வேண்டாம், இத்தனை காலம் தங்கியிருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், வேறு எந்த அமைப்பிடம் போகலாம் என்றும் காட்ட வேண்டும். வாயால் சொன்ன "முடியாது"வை ஏற்றுக்கொண்டு திரும்பாமல், எழுதித் தரச் சொல்லுங்கள்.

அத்தையே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் ஆகாதா? ஆகும்தான். ஆனால் பல வீடுகளில் அத்தை தயங்குவார். வீட்டில் ஓர் ஆள் கூடியிருக்கிறார் என்று தெரிந்தால் தன் காஃப் தொகையைக் குறைத்துவிடுவார்களோ, வீட்டுக்காரர் கேள்வி கேட்பாரோ என்ற பயம். அவரைக் குறை சொல்ல முடியாது. தொமிசிலியாசியோன் இருந்தால் அந்தக் கடிதத்துக்காகக் கெஞ்ச வேண்டியதில்லை.

சான்று ஓராண்டுக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நேரில் எட்டிப் பார்க்காமலும் போன் செய்யாமலும் இருந்தால் பெயரை நீக்கிவிடலாம். சான்று போனால் காஃப் கடிதம் போகும், பயிற்சிக்கு அழைக்கும் கடிதம் போகும். சாண் ஏறி முழம் சறுக்குவது இப்படித்தான். கடிதம் வராது என்று தெரிந்தாலும் மாதம் ஒருமுறை போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். சான்று கிடைத்ததும் அடுத்து வங்கிக் கணக்கு. ஒரு வங்கி கணக்கு திறக்க மறுத்தால், இயேடோம் (கடல்கடந்த பகுதிகளில் பிரெஞ்சு மத்திய வங்கியின் கிளை அமைப்பு) அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அது ஒரு வங்கியைக் குறித்துக் கொடுக்கும்.

இன்றிரவே படுக்க இடமில்லை என்றால் 115 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். நெருக்கடியில் இருக்கும் யாருக்கும் அவசரத் தங்குமிடம் உண்டு என்பது சட்டம். தங்கும் அனுமதித் தாள் இருக்கிறதா, எந்த நாட்டவர் என்பதை அது பார்ப்பதில்லை. (2018 முதல் இலங்கையிலிருந்து படகில் வந்து புகலிடம் கேட்ட தம்பிகளுக்குத் தங்குமிடமும் வேலை அனுமதியும் தனி விதிகளின்படி நடக்கும். ஆனால் நடுராத்திரியில் தெருவில் நின்றால் 115 அவர்களுக்கும்தான்.) உள்ளே ஏற்றுக்கொண்டவரை, அடுத்து எங்கே என்று ஒரு வழி காட்டும்வரை வெளியே அனுப்பக் கூடாது.

சட்டம் அப்படி. நடைமுறையில் இடம் குறைவு. கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்குப் பிறகுதான் தனி இளைஞனின் முறை வரும். "இன்று இல்லை" என்றால் மறுநாளும் கூப்பிடுங்கள், ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். நாள் கணக்கில் கையை விரித்தால் சேன்-தெனி நிர்வாக நீதிமன்றத்தில் அவசர மனுப் போடலாம். நீதிபதி 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. அவசரத் தங்குமிடம் அடிப்படைச் சுதந்திரங்களில் ஒன்று என்று 2012 பிப்ரவரியில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. குறித்து வைத்த அந்தத் தேதிகள்தான் அங்கே சாட்சி.

புயல் காலத்தில் மேரி (நகராட்சி) திறக்கும் முகாம்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை புயல் போனதும் மூடிவிடும். ஆனாலும் எச்சரிக்கை வந்தால் கூச்சப்படாமல் போய்விடுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் அடித்தபோது சேன்-ழில் பக்கம் இறந்துபோனவர் முகாமுக்குள் இல்லாமல் வெளியே இருந்த ஒரு வீடற்றவர்.

இனி பணமும் பயிற்சியும். 25 வயது ஆகாதவருக்கு, பிள்ளை பெற்றவர் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, எர்-எஸ்-ஆ என்ற அடிப்படை வருமான உதவித்தொகை கிடைக்காது. அந்த வயதுக்கு இருப்பது 2022 மார்ச்சில் வந்த இளைஞர் ஒப்பந்தம், சே-இ-ழ். 16 முதல் 25 வயது வரை, மாற்றுத்திறனாளி என்றால் 29 வரை. படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை என்றால் மிசியோன் லொக்காலில் கேளுங்கள். வாரம் 15 முதல் 20 மணி நேரம் பயிற்சி, நிறுவன அனுபவம், வேலை தேடல் என்று ஈடுபட வேண்டும். 18 நிரம்பி, வருமான வரி கட்டாத நிலையில் இருந்தால் மாதம் ஏறத்தாழ 550 யூரோ வரை வரும். இங்கேயும் கவனம் தேவை. வீட்டை விட்டு வந்து மாதங்கள் ஆகியும், வரிக் கணக்கில் இன்னும் அப்பாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அப்பா வரி கட்டுபவரானால் உங்கள் தொகை குறையும். தனியாகக் கணக்குக் கொடுப்பது பற்றி ஆலோசகரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். காரணம் சொல்லாமல் வராமல் இருந்தால் தொகையைக் குறைப்பார்கள், ஒப்பந்தத்தையே முறிக்கவும் செய்வார்கள். ராத்திரி காரில் தூங்கியவனுக்குக் காலை எட்டு மணிச் சந்திப்பு எளிதல்ல. அதை ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லி, உங்கள் நிலைக்கு ஏற்ற வேறு ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள்.

தங்குமிடமும் தொழிலும் ஒரே வாசலில் கிடைப்பது எர்-எஸ்-எம்-ஆ என்ற தொழிற்பயிற்சிப் படையில். ராணுவத்தின் கீழ் நடந்தாலும் போருக்கு அனுப்புவது அல்ல. இந்தத் தீவில் 1965 முதல் இருக்கிறது. 18 முதல் 25 வயதுள்ள பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள், டிப்ளோமா இல்லாவிட்டாலும், சேரலாம். படுக்கை, சாப்பாடு, சீருடை, சிறிய மாதத் தொகை, கட்டடம், சமையல், பாதுகாப்பு, ஓட்டுநர் என ஏதாவது ஒரு தொழில். ஓட்டுநர் உரிமத்துக்கும் முதலுதவிச் சான்றுக்கும் தயார் செய்வார்கள். பஸ் ஆறு மணிக்கே ஓய்ந்துவிடும் ஊர்களுள்ள தீவில் அந்த உரிமமே பாதி வேலை. விடியற்காலை அணிவகுப்பும் முடிவெட்டும் எல்லோருக்கும் ஒத்துவராது. வார இறுதியில் மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது போக இடமில்லாதவர் என்ன செய்வது என்பதைச் சேருவதற்கு முன்பே வாயைத் திறந்து கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே கிடைக்காத பயிற்சிக்காகப் பிரான்ஸ் போவதென்றால், லதோம் என்ற அரசு நிறுவனம் விமானச் செலவுக்கு உதவும்.

குழந்தைக் காப்பகத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ இருந்தவர்களுக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது. 2022 பிப்ரவரி 7-ஆம் தேதிச் சட்டப்படி, 18 ஆனதும் வெளியே தள்ள முடியாது. வருமானமோ குடும்ப ஆதரவோ போதாதென்றால் 21 வயது வரை தெபார்த்மான் (மாவட்ட நிர்வாகம்) பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியேறி ஆறு மாதம் கழித்து ஒரு சந்திப்பும் உண்டு. குறைந்த வாடகைச் சமூக வீடு ஒதுக்கும்போது முன்னுரிமையும் உண்டு. நம் பெரியவர்கள் சிலர் சமூக நல அலுவலகம் என்றாலே கதவைச் சாத்துவார்கள். 1962-க்கும் 1984-க்கும் இடையே இந்தத் தீவிலிருந்து 2,015 பிள்ளைகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோனதை மறந்தவர்கள் அல்லர் அவர்கள். 2014-இல் நாடாளுமன்றம் அரசின் தார்மீகப் பொறுப்பை ஒப்புக்கொண்டது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் 18 தாண்டியவரை இன்று யாரும் எங்கும் கொண்டுபோக முடியாது. அவர் சம்மதித்துக் கேட்டால்தான் இந்த உதவி. 18 ஆகாத பிள்ளை வீட்டில் ஆபத்தில் இருந்தால் கூப்பிட வேண்டியது 119.

கையில் மாதத் தொகை வரத் தொடங்கியதும் இளம் தொழிலாளர் விடுதியை முயலலாம். பொதுவாக 16 முதல் 30 வயது வரை சேர்ப்பார்கள். தனி அறை வாடகைக்கு எடுப்பதென்றால் ஜாமீனுக்கு மாமாவைத் தேடி அலைய வேண்டாம். 30 வயது வரை விசால் என்ற இலவசப் பொறுப்புறுதி இருக்கிறது. அதன் சான்றை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், பின்னால் வாங்கினால் செல்லாது. முன்பணத்துக்கு லொகா-பாஸ் என்ற கடன் திட்டம் 1,200 யூரோ வரை வட்டியில்லாமல் தரும், 25 மாதத்தில் திருப்பிக் கட்டலாம். குடிபுகுந்த மாதமே காஃபில் வீட்டு உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள். பொதுவாக விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மாதங்களுக்கு அவர்கள் தருவதில்லை.