பவுண்டேசன்: உபயமா, கட்டளையா?

மட்டக்களப்பில் வீடு கட்டுகிறவர்கள் போடுவது அத்திவாரம். பவுண்டேசன் என்றால் நம் ஊரில் அது வேறு. புலமைப்பரிசில் கொடுக்கிற இடம், கூத்துக்கு உடுப்பு வாங்கித் தருகிற இடம், வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதியோடு வருகிற இடம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இலத்தீனில் ‘ஃபுண்டுஸ்’ என்றால் அடி. அதிலிருந்து அடியிட்டு நிறுத்துதல் என்று ஒரு வினை பிறந்தது, அந்த வினையிலிருந்து இந்தப் பெயர் வந்தது. ஐரோப்பாவில் மடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நிலத்தையும் பொன்னையும் முதலாக எழுதி வைத்து நிறுவினார்கள். அப்படி முதல் வைத்து நிறுவிய அமைப்பையும் அதே சொல்லால் அழைக்கத் தொடங்கினார்கள்.

ஆகவே சொல்லின் உயிர் ‘முதல்’ என்பதில் இருக்கிறது. அடியில் கிடக்கும் முதலைத் தொடாமல், அதன் வருவாயில் நல்ல காரியம் நடக்க வேண்டும். அல்பிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலில் இதைத்தான் சொன்னார்: சொத்தைப் பாதுகாப்பான முதலீட்டில் போட வேண்டும், ஆண்டு வருமானத்தைப் பரிசுகளாகப் பகிர வேண்டும். 1900இல் அமைப்பு நிறுவப்பட்டது, 1901இலிருந்து பரிசுகள் வருகின்றன. அந்தப் பரிசுகளில் ஒன்று இலக்கியத்துக்கு, இன்னொன்று சமாதானத்துக்கு. அமெரிக்காவில் 1913இல் ராக்பெல்லர், 1936இல் போர்ட் என்று பெரும் செல்வர்களின் பெயரில் வந்தவையும் இந்த வகைதான். தனியார் பவுண்டேசன் ஒன்று தன் சொத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்று அந்நாட்டு வரிச் சட்டம் சொல்கிறது. முதலைப் பெருக்கிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த விதி.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்?

தமிழ்நாட்டில் நிலைத்துவிட்ட சொல் அறக்கட்டளை. இதில் ‘கட்டளை’ என்பதைப் பலர் உத்தரவு என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அச்சு என்றும் பொருள் உண்டு. கோயில் வழக்கில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: இன்ன பூசைக்கு, இன்ன நாளுக்கு என்று குறித்து நிரந்தரமாக எழுதி வைத்த சொத்தும் அந்த ஏற்பாடும். திருவாரூர்க் கோயிலில் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை என்று தனித்தனியாக உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி நிலம், தனிக் கணக்கு, தனிப் பொறுப்பாளர். கொடுத்தவரின் சொல்லும் கொடுத்த பொருளும் ஒன்றாகப் பிணைந்து நிற்பதுதான் கட்டளை. எனக்கு இந்தச் சொல் பிடித்திருப்பதற்குக் காரணமே இதுதான். ஆங்கிலச் சொல்லில் முதல் மட்டும் தெரிகிறது. கட்டளையில் அந்த முதல் எதற்கு என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

கருத்து இன்னும் பழையது. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு எழுதி வைத்தது நிவந்தம். ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 90 அல்லது 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாள்தோறும் குறித்த அளவு நெய் தர வேண்டும். அந்த ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகும், குட்டி போடும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. முதல் அழியாத கொடை என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன வேறொரு தொடரை நான் கண்டதில்லை. பொன்னாகக் கொடுத்தால் முதல் நிற்கும், பொலிசை செலவாகும். பொலிசை என்றால் வட்டி.

கலைக்கும் அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன், தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் 400 பேரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் வைத்தான். நட்டுவருக்கும் பாடுவோருக்கும் வாத்தியக்காரருக்கும் பங்குகள் இருந்தன. பங்குடையவர் இறந்தால் தகுதியுள்ள நெருங்கிய உறவினர் அந்தப் பணியைச் செய்து பங்கைப் பெற வேண்டும். தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள இன்னொருவரை வைக்க வேண்டும். பங்கு தொழிலோடு போகிறது என்பதைக் கவனியுங்கள். வேறு ஊர்களில் கூத்துக்காணி, சாக்கைக்காணி என்று ஆடுவோருக்கே நிலம் விட்டிருக்கிறார்கள்.

இலங்கைக்கு வந்தால் சொல் கொஞ்சம் சிக்கலாகிறது. இங்கே ‘கட்டளைச் சட்டம்’ என்றால் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இயற்றிய சட்டம். கட்டளை என்றதும் அரசாங்கம்தான் நினைவுக்கு வரும். டிரஸ்ட் என்பதற்குச் சட்டத் தமிழ் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்கிறது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் என்று இரண்டு சொல்லும் ஒரே தலைப்பில் வருகின்றன, வேறு வேறு பொருளில். வறுமை நீக்கல், கல்வி அறிவு வளர்ச்சி, சமயம், மனித குலத்துக்குப் பயன்படும் பிற காரியங்கள் ஆகியவற்றை அந்தச் சட்டம் தரும நோக்கங்களாக ஏற்கிறது. கலையும் மரபும் இவற்றுள் அடங்கிவிடும். முஸ்லிம்களுக்கு வக்பு. அறபியில் அதன் வேர்ப்பொருள் நிறுத்திவைத்தல். விற்கவோ பங்கிடவோ முடியாமல் சொத்தை நிறுத்தி, பயனை மட்டும் தருமத்துக்கு விடுவது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் அதை ஒழுங்குபடுத்துகிறது.

கிழக்குக்கு என்று சொந்தச் சொற்களும் இருக்கின்றன. கோயில் சொத்தையும் சடங்கையும் குடிகளின் (தாய்வழி வம்சங்களின்) சார்பில் பொறுப்பேற்று நடத்துகிறவர் வண்ணக்கர். சங்கப் புலவர் பெயர்களில் வரும் ‘வண்ணக்கன்’, நாணயம் நல்லதா என்று நோட்டம் பார்ப்பவன். இரண்டும் ஒரே சொல் என்றுதான் நான் கொள்கிறேன். காசின் மாற்றுப் பார்க்கத் தெரிந்தவர் கையில் கோயில் பொருளைக் கொடுத்தது பொருத்தமாகவும் இருக்கிறது. அக்கரைப்பற்றுப் பக்கம் பள்ளிவாசலில் இதே இடத்தில் குடி வழியாக வருகிறவர் மரைக்காயர். டிரஸ்டி என்ற சொல் வருவதற்கு முன்பே இரு சமூகமும் அந்த வேலைக்கு ஆள் வைத்திருந்தது.

இன்னொரு சொல் உபயம். கோயிலில் இன்ன நாள் திருவிழா இன்ன குடியின் உபயம் என்று அறிவிப்பார்கள். ஒரு நாள் செலவை ஏற்கிறவர் உபயகாரர். இன்று ‘ஸ்பொன்சர்’ என்று துண்டுப் பிரசுரத்தில் அடிக்கிறோமே, அதற்குச் சரியான சொல் இதுதான். உபயம் அந்த நாளோடு தீரும். கட்டளை தீராது. நம் மாவட்டங்களில் பவுண்டேசன் என்று பெயர்ப்பலகை வைத்த அமைப்புகள் பலவும் உண்மையில் உபயகாரர்கள்தான். வெளிநாட்டு உறவுகளிடம் அவ்வப்போது காசு சேர்த்து அவ்வப்போது கொடுக்கிறார்கள். அது நல்ல காரியம், குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் முதல் இல்லை. சேர்க்கிறவர் களைத்துப்போனால் நின்றுவிடும்.

கூத்தை எடுத்துப் பாருங்கள். வடமோடியோ தென்மோடியோ, இரு வகையிலும் அரங்கேற்ற இரவு மட்டும் கூத்து ஆகாது. கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியார் சட்டம் (ஆடுவோருக்கான பாட்டுப் பிரதி) கொடுத்ததிலிருந்து சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். மத்தளத்துக்கும் சல்லரிக்கும் ஆள் வேண்டும், பழகுகிற இளைஞருக்கு இரவுகள் வேண்டும். உபயம் பெரும்பாலும் அரங்கேற்றத்துக்கு வருகிறது. உடுப்பு, ஒலிபெருக்கி, விளக்கு, பெனர். அண்ணாவியாருக்கு ஒரு பொன்னாடை. பழக்கத்துக்கான மாதங்களை யாரும் ஏற்பதில்லை. கலைக்கு என்று ஒரு கட்டளை எழுதுவதானால் அது அந்த மாதங்களுக்கு எழுத வேண்டும். இராசராசனின் பங்கு வேலை செய்தவருக்குத்தான் போனது, விழாவுக்கு அல்ல.

இடர்காலம் வேறு கணக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்லடியும் நாவலடியும் மட்டக்களப்பில் சிதைந்தன. அந்த நேரம் முதலைக் காப்பாற்று, வட்டியில் கொடு என்று யாரும் சொல்ல முடியாது. நிவாரணம் உடனே செலவாக வேண்டிய பணம். அதற்கு ‘நிதியம்’ என்ற சொல் பொருந்துகிறது: திரட்டிப் பகிர்வது.

ஆனால் சோறும் தகரமும் கொடுத்ததோடு மனிதாபிமானப் பணி முடிந்ததா? மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா போரைப் பார்த்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து வரையவும் களிமண் பிசையவும் கதை சொல்லவும் வைத்தது. கலை அங்கே மருந்தாக இருந்தது. நெதர்லாந்தில் 1996இல் தொடங்கிய பிரின்ஸ் கிளவுஸ் நிதியம், 2003இல் பக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்ட பின், இடர்காலத்தில் பண்பாட்டுச் சொத்தை மீட்பதற்கென்றே ஓர் அவசர உதவித் திட்டத்தை ஏற்படுத்தியது. பிரித்தானிய நூலகம் 2004இல் தொடங்கிய அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டத்துக்கு ஆர்கேடியா என்ற கொடை நிதியம் பணம் கொடுத்தது. அதில் மூல ஆவணம் பிறந்த நாட்டிலேயே இருக்கும், எண்ணிம (டிஜிட்டல்) படி மட்டும் எடுக்கப்படும். வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரைக் காவியம் பாடுகிற நம் கோயில்களின் ஓலை ஏடுகளுக்கு இந்த முறை மிகவும் ஏற்றது. ஏடு கோயிலை விட்டுப் போகாது. அடுத்த கடல் வந்தாலும் பாட்டுத் தப்பும்.

இனி, எழுதும்போது எதை எழுதுவது? முதல் வைத்து, நோக்கம் குறித்து, வருவாயில் நடப்பது அறக்கட்டளை. இலங்கையிலும் இதையே எழுதலாம், கட்டளைச் சட்டத்தோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ‘அற’ அதைத் தெளிவாக்கிவிடுகிறது. திரட்டிப் பகிர்வதானால் நிதியம். மத்திய கலாசார நிதியம் அப்படிப் பழகிய பெயர். பதிவுப் பத்திரத்தில் நம்பிக்கைப் பொறுப்பு என்றே இருக்கட்டும், சட்டம் கேட்பது அது. ‘மன்றம்’, ‘ஸ்தாபனம்’ என்பவை கூடுகிற இடத்தையும் அமைப்பையும் குறிப்பவை. அவற்றில் முதலும் இல்லை, அறமும் இல்லை. ‘நிறுவனம்’ பரவாயில்லை, 2005இலிருந்து எண்ணிம நூலகம் நடத்துகிறவர்கள் நூலக நிறுவனம் என்று வைத்து அது நன்றாகவே நிலைத்திருக்கிறது. கூத்து அழைப்பிதழில் ஒரு இரவுச் செலவை ஏற்றவர் பெயருக்கு மேல் ‘உபயம்’ என்று போடுங்கள். அவருக்கும் அது பெருமைதான், கோயில் வாசலில் கேட்டுப் பழகிய சொல்.