தமிழ் நாடகம் போட எந்தக் கதவைத் தட்டுவது?

சிங்கப்பூரில் தமிழ் நாடகக் குழுக்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் உயிரோடு இருக்கின்றன. மற்ற நாள்களில் ஒருவர் கணக்காளர், ஒருவர் தாதி, ஒருவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். சமூக மன்றத்தில் ஓர் அறையை எடுத்து, நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்ப்பார்கள். அப்படி ஒரு குழுவோடு ஒட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் என்னிடம் பலர் கேட்பது இதுதான்: “அரசாங்கம் பணம் தருதாமே, எங்க போய்க் கேக்கணும்?”

ஒரே இடத்தில் கேட்டால் கிடைக்காது. மேடையேற்றத்துக்கு ஓரிடம், பள்ளிக்கு ஓரிடம், அக்கம்பக்கத்துக்கு ஓரிடம், பார்வையாளர் கையில் இருக்கும் பணம் வேறு. ஆனால் எங்கே போனாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: யாருக்காகப் போடுகிறீர்கள்? “தமிழ் வளர வேண்டும்” என்பது நல்ல எண்ணம்தான். விண்ணப்பப் படிவத்துக்கு அது பதில் ஆகாது. “உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 200 பேர்” என்பது பதில்.

முதல் கதவு, 1991ல் தொடங்கப்பட்ட தேசிய கலைகள் மன்றம். பெரிய நிறுவனங்களுக்குப் பல ஆண்டு நிதி, புதிதாக முளைக்கும் அமைப்புகளுக்குத் தொடக்க நிதி என்று பல வகை வைத்திருக்கிறார்கள். வார இறுதிக் குழுவுக்குப் பொருந்துவது ‘பிரசன்டேஷன் அண்ட் பார்ட்டிசிபேஷன்’ என்ற மானியம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: மேடையேற்றுவதற்கும் கேட்கலாம், மக்களைப் பங்கேற்க வைப்பதற்கும் கேட்கலாம். தனி ஆளாக விண்ணப்பித்தால் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். அமைப்பு என்றால் இங்கே பதிவானதாக இருக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில்தான், அதற்கென உள்ள கால இடைவெளிக்குள் போட வேண்டும்.

இந்த மானியம் செலவில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். மீதி எங்கிருந்து வரும் என்று நீங்கள் காட்ட வேண்டும். நம் குழுக்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அரங்க வாடகை, ஒளி, ஒலி, உடை என்று எழுதுவார்கள். நடிகருக்கு ஊதியம் என்ற வரி மட்டும் இருக்காது. “நம்ம பசங்கதானே, சும்மா நடிப்பாங்க.” சரி, நடிக்கட்டும். ஆனால் இலவசமாகக் கிடைத்த உழைப்பையும் இரவல் வாங்கிய ஒலிபெருக்கியையும் கணக்கில் தனியாகக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நாடகத்தின் உண்மையான விலை உங்களுக்கே தெரியாமல் போகும்; அடுத்த ஆண்டு அந்தப் பையன் கட்டாய தேசிய சேவைக்குப் போய்விட்டால் திண்டாட வேண்டியிருக்கும். ஆங்கில வசன வரிகளைத் திரையில் ஓட்டுவதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டுச் சீன நண்பரும் வந்து உட்கார முடியும், “யாருக்காக” என்ற கேள்விக்குப் பதிலும் கொஞ்சம் அகலமாகும்.

இன்னொன்று, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை அரங்கைப் பிடித்து, சுவரொட்டி அடித்து, நுழைவுச்சீட்டும் விற்கத் தொடங்கிய பிறகு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலைக்கு மானியம் கேட்கிறோம் என்பது பாதிப் படிவம் நிரப்பும்போதுதான் உறைத்தது. மூடி வைத்துவிட்டு ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டோம். இப்போதெல்லாம் தேதி குறிப்பதற்கு முன்பே படிவத்தைத் திறந்துவிடுகிறோம்.

அடுத்தது பள்ளி. என்னைக் கேட்டால் தமிழ் நாடகத்துக்கு இதுதான் நிலையான வழி, ஆனால் பலர் இதை இரண்டாம்பட்சமாகவே பார்க்கிறார்கள். கலைகள் மன்றத்தின் கலைக் கல்வித் திட்டத்தில், குழுக்கள் தங்கள் நிகழ்ச்சியை முன்வைக்கலாம். ஏற்கப்பட்டால் அது பள்ளிகள் பார்க்கும் பட்டியலில் இடம்பெறும். பள்ளி மண்டபத்துக்கே வந்து நடத்தும் நாடகம், மாணவர்களை அரங்குக்கு அழைத்துப்போவது, நடிப்புப் பயிலரங்கு என்று பல வகை உண்டு. பள்ளி தேர்ந்தெடுத்து வாங்கும்போது செலவின் ஒரு பகுதியை டோட் போர்ட் (பந்தயம், லாட்டரி வருவாயை நற்பணிகளுக்குத் தரும் அரசு வாரியம்) கலை மானியம் ஏற்கிறது. அதாவது சலுகை பள்ளியின் கட்டணச் சீட்டில் குறையும், உங்கள் கைக்கு மானியமாக வராது. உங்களுக்குக் கிடைப்பது செய்த வேலைக்கான கட்டணம். நிதி கேட்டுக் கையேந்துவதைவிட இது எனக்கு மரியாதையாகத் தெரிகிறது.

பள்ளியில் பயிற்சி நடத்துகிறவர்கள் கல்வி அமைச்சில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் குழுவில் இரண்டு பேராவது முன்கூட்டியே பதிந்து வைப்பது நல்லது. கலைஞர் ஒருவர் ஆசிரியரோடு சேர்ந்து பாடத்தைத் திட்டமிட்டு, ஒரே பள்ளியில் நீண்ட காலம் வேலை செய்வதற்கும் தனித் திட்டம் இருக்கிறது.

தமிழுக்கு உள்ள சிக்கல் எண்ணிக்கை. ஒரு தொடக்கப் பள்ளியில் ஒரு நிலையில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஒரே வகுப்புக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களுக்காக மட்டும் ஒரு குழுவை அழைக்கப் பள்ளி யோசிக்கும். இதற்கு இரண்டு வழிகள் கைகொடுக்கின்றன. ஒன்று, பள்ளிகள் தாய்மொழிக்கென்று ஒதுக்கும் தாய்மொழி இருவாரம். அந்த நாள்களில் பள்ளிகளே தமிழ் நிகழ்ச்சி தேடும். இன்னொன்று, அக்கம்பக்கப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் பேசி வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் சேர்ப்பது. தமிழ் கற்பிக்காத பள்ளிகளின் மாணவர்களும் வந்து படிக்கும் பியட்டி சாலை உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தையும் மனத்தில் வையுங்கள். எப்படியும் முதலில் பேச வேண்டியது தமிழாசிரியரிடம்தான். பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால், அடுத்த ஆண்டுக்கான பேச்சை ஆண்டு முடிவுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். பிப்ரவரியில் போனால் காப்பி கிடைக்கும், நிகழ்ச்சி கிடைக்காது.

சமூக நாடகத்துக்கு, சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகமும் அதன் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களும் உண்டு. இங்கே பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். இடமும் கூட்டமும் கிடைக்கும், அதுவே பாதிச் செலவு. அப்புறம் ஏப்ரல் மாதம். தமிழ்ப் புழக்கத்தை ஊக்குவிக்கும் வளர்தமிழ் இயக்கம் நடத்தும் தமிழ் மொழி விழாவில் அமைப்புகள் தங்கள் நிகழ்ச்சியோடு சேர்ந்துகொள்ளலாம். ஏப்ரலில் மேடையேறப் பல மாதங்களுக்கு முன்பே யோசனையை எழுத்தில் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை: ஏப்ரலில் ஒரே வார இறுதியில் மூன்று நிகழ்ச்சிகள் மோதிக்கொள்கின்றன, ஜூலையில் ஊரே காய்கிறது.

குழு கொஞ்சம் வளர்ந்துவிட்டால் நன்கொடை பக்கம் திரும்பலாம். 2013ல் தொடங்கிய கலாசார இணைநிதி, ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ரொக்க நன்கொடை வந்தால் இன்னொரு வெள்ளி சேர்த்துத் தரும் ஏற்பாடு. ஆனால் இது கலை, மரபுடைமைத் துறையில் அறக்கொடை அமைப்பாகப் பதிவானவர்களுக்கு மட்டும். சங்கமாகப் பதியவே குறைந்தது 10 பேர் வேண்டும். அறக்கொடை அமைப்பு என்ற தகுதி அதற்கு மேல் வருவது. ஆண்டுக்கு ஒரு நாடகம் போடும் குழு இதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. கணக்கு எழுதவே ஓர் ஆள் தேவைப்படும்.

பார்வையாளர் கையிலும் இப்போது பணம் இருக்கிறது. 2025ல் 18 வயதை எட்டிய, அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ள சிங்கப்பூர்க் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ‘எஸ்ஜி கல்ச்சர் பாஸ்’ வழியாக 100 வெள்ளி தரப்பட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் 2028 டிசம்பர் 31 வரை அதை உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்குச் செலவிடலாம். அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கான சிங்பாஸ் கொண்டு நுழைய வேண்டும். ஒரு வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர் என்றால் 400 வெள்ளி. நுழைவுச்சீட்டு 25 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் குடும்பத்தோடு நான்கு நாடகங்கள் பார்க்கலாம். உங்கள் நாடகத்துக்கு அந்தப் பணம் செல்ல வேண்டுமானால், நிகழ்ச்சி தகுதி பெற்றிருக்க வேண்டும். நுழைவுச்சீட்டும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனைத் தளங்கள் வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் மேசை போட்டு விற்கும் சீட்டுக்கு இது உதவாது.

இதை மட்டும் நம்பி விலையை ஏற்றிவிடவும் வேண்டாம். தமிழ் நாடகத்துக்கு வருகிறவர்களில் நிரந்தரவாசிகள், வேலை அனுமதியில் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த 100 வெள்ளி கிடையாது.

பணத்தைத் தவிர இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. பொதுமக்களுக்குப் போடும் நாடகத்துக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலை நிகழ்ச்சி உரிமம் தேவை. பிரதியைக் கொடுக்க வேண்டியிருக்கும், வயது வகைப்பாடும் வரும். ஆகவே கடைசி வாரம் வரை வசனத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் இயக்குநர்கள் (எங்களுக்கும் ஒருவர் உண்டு) கொஞ்சம் கட்டுப்பட வேண்டும். அடுத்து, பிறர் எழுதிய நாடகம் என்றால் எழுதியவரிடமோ வாரிசுகளிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை இங்கே நீடிக்கும். “ஊர்ல எல்லாரும் போடுற நாடகம்தானே” என்பது அனுமதி ஆகாது.

மானியம் வாங்கியவர்களுக்கு, திரை விழுந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவானது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். கணக்கு ஒப்படைத்தால்தான் கணக்கு முடியும். எங்கள் குழுவில் ரசீதுகளைச் சேர்க்கும் பொறுப்பை, நடிக்க வராத ஒரே ஒரு அண்ணனிடம் கொடுத்திருக்கிறோம். வாடகை வண்டிச் சீட்டு முதல் மேக்கப் பஞ்சு வாங்கிய சீட்டு வரை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். ஒத்திகைக்கு வந்ததும் அவர் முதலில் கேட்பது வசனம் மனப்பாடமா என்று அல்ல, “ரசீது எங்க?” என்றுதான்.