வேலையால் வந்த நோய்க்கு இ.எஸ்.ஐ.யில் என்ன உரிமை?

ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசி பறக்கும் புளோரூமிலோ கார்டிங்கிலோ பல வருடம் வேலை பார்த்த ஒருவர், மூச்சு வாங்குகிறது என்று இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகிறார். இருமல் மருந்தும் மூன்று நாள் லீவுச் சான்றும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது சீட்டில் எங்கும் இல்லை. நோய் பதிவாகிறது, அதன் காரணம் பதிவாகவில்லை. விட்டுப்போன அந்தக் காரணத்தைத் தேடிப் பிடிப்பதுதான் மருத்துவமனையில் இருக்கும் தொழில்வழி நோய்ப் பிரிவின் வேலை. தமிழ்நாட்டில் சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு மையம் உண்டு.

காரணம் பதிவாவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். சாதாரண நோய் என்று லீவு எழுதினால், சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான். அதற்கும் ஒரு பங்களிப்புக் காலமான 6 மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதே நோய் வேலையால் வந்தது என்று ஏற்கப்பட்டால் அது பணிக்காயம் ஆகிவிடும். அப்போது கூலியில் 90 சதவீதம் வரும். வேலை செய்ய முடியாத நிலை நீடிக்கும்வரை வரும். இத்தனை நாள் சந்தா என்ற நிபந்தனையும் கிடையாது. தினம் 500 ரூபாய் வாங்குபவருக்கு 350க்கும் 450க்கும் உள்ள வித்தியாசம் இது.

உடம்பு முழுதாகத் தேறாமல் போனால் நிரந்தர ஊனப் பயன் உண்டு. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று மருத்துவக் குழு முடிவு செய்தால், அந்த 450 ரூபாயில் 30 சதவீதம், அதாவது நாளுக்கு 135 ரூபாய், ஆயுள் முழுக்க வரும். வேறு வேலைக்குப் போனாலும் அது நிற்காது. இந்த ஒன்றைத் தெரியாமலே எத்தனையோ பேர் வேலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மனம் ஆறவில்லை.

எல்லா நோயும் இதில் சேராது. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் மூன்று பகுதிகளாகப் பட்டியல் இருக்கிறது. முதல் பகுதியில் உள்ளவற்றுக்கு இத்தனை மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கே இல்லை. பேட்டரி தொழிலின் ஈய நஞ்சும், மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு அங்கிருந்தே தொற்றும் நோய்களும் இதில் வருகின்றன. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் பகுதிக்குத் தொடர்ந்து 6 மாதமாவது அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். தோல் பதனிடும் இடங்களில் குரோமியத்தால் வரும் பாதிப்பு, இரைச்சலால் காது மந்தமாவது, தொழிலால் வரும் ஆஸ்துமா எல்லாம் இங்கே. கல் தூசியால் வரும் சிலிகோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் போன்றவை மூன்றாம் பகுதி. இவற்றுக்கு எவ்வளவு காலம் என்பதை இ.எஸ்.ஐ. கழகம் தனியாக நிர்ணயிக்கும்.

தொழில்வழி நோய்ப் பிரிவில் பரிசோதனை பேச்சிலிருந்துதான் தொடங்கும். எந்த செக்‌ஷன், என்ன பொருள், எத்தனை வருடம், முன்பு எங்கே வேலை என்று வரிசையாகக் கேட்பார்கள். பஞ்சுத் தூசி நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு: வார விடுமுறை முடிந்து மில்லுக்குள் போகும் முதல் நாள்தான் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும். ஆரம்ப கட்டத்தில் அடுத்தடுத்த நாளில் அது குறைந்துவிடுவதால் பலர் பொருட்படுத்துவதில்லை. இதை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எடுத்தால் வித்தியாசம் தெரியும். ஈயம் என்றால் ரத்தப் பரிசோதனை, இரைச்சல் என்றால் செவித்திறன் சோதனை, கல் தூசி என்றால் மார்பு எக்ஸ்ரே.

வேலையால் வந்த நோய்தானா, பாதிப்பு எவ்வளவு என்பதைச் சிறப்பு மருத்துவக் குழு தீர்மானிக்கும். முடிவு சரியில்லை என்று பட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம். ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே பயன் பெற உரிமை உள்ளவர், அதே நோய்க்குத் தொழிலாளர் இழப்பீடு என்று தனியாகப் பணம் கேட்க முடியாது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் திட்டத்துக்குள் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இ.எஸ்.ஐ. சட்டம் இப்போது சேர்ந்துவிட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த நோய்ப் பட்டியல் மூன்றாம் அட்டவணையாகவே இருக்கிறது.

மருந்தக டாக்டரிடம் வேலை விவரத்தைச் சொல்லி, தொழில்வழி நோய்ப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டுகள், எந்த செக்‌ஷனில் இருந்தீர்கள் என்று காட்டும் ஏதாவது ஒரு தாள், பழைய எக்ஸ்ரேக்கள், எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். மில் மாறியிருந்தால் பழைய மில்லின் தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.