கத்தெனாச்சோ: இத்தாலியக் கால்பந்தின் தாழ்ப்பாள்

கத்தெனாச்சோ (பெயர்ச்சொல், இத்தாலியம்): 1. கதவின் உட்புறத்தில் நகர்த்திப் போடும் இரும்புத் தாழ்ப்பாள். 2. கால்பந்தில், ஆளுக்கு ஆள் காவல் காக்கும் தடுப்பாளர்களுக்குப் பின்னால், யாரையும் காவல் காக்கும் பொறுப்பில்லாத ஒருவரைத் தனியே நிறுத்தி ஆடும் முறை. தமிழில்: தாழ்ப்பாள் ஆட்டம்.

இரண்டாம் பொருளில் வரும் அந்த ‘ஒருவர்’தான் இச்சொல்லின் உயிர். அவர் இல்லாவிட்டால் பதினொரு பேரும் கோல் வாயில் முன் குவிந்து நின்றாலும் அது கத்தெனாச்சோ ஆகாது. இன்று ஓர் அணி பின்வாங்கி ஆடினாலே, அதுவும் அது இத்தாலிய அணியாக இருந்துவிட்டால், உடனே இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். ஓர் ஆட்ட அமைப்பின் பெயர் இப்படி ஒரு மனப்பான்மையின் பெயராகக் கரைந்துபோனதில் இழப்பு வாசகருக்குத்தான். 1960களில் எரேரா பயிற்றுவித்த இன்டர் கழகமும் 2006இல் லிப்பி பயிற்றுவித்த இத்தாலிய அணியும் ஆடியவை முற்றிலும் வேறான ஆட்டங்கள் என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது.

முதலில் உச்சரிப்பு. நான்கு அசைகள்: க-தெ-நாச்-சோ. அழுத்தம் மூன்றாவது அசையில். இத்தாலிய எழுத்தில் (catenaccio) இறுதி ‘ஓ’வுக்கு முன் வரும் ‘ஐ’ (i) என்ற எழுத்து, முந்தைய மெய்யைச் ‘ச்’ என்று ஒலிக்கச் செய்ய மட்டுமே இருக்கிறது. அதற்குத் தனி ஒலி கிடையாது. ஆகவே ‘கட்டனாசியோ’, ‘கேட்டனாக்கியோ’ இரண்டும் பிழை. இத்தாலிய ‘த’ பல்லைத் தொட்டு வரும் ஒலி என்பதால் டகரமும் வேண்டாம்.

வேர்ச்சொல் லத்தீனின் ‘கத்தேனா’, அதாவது சங்கிலி. அதிலிருந்து பிற்கால லத்தீனில் வந்த வடிவமே இத்தாலியத்தில் தாழ்ப்பாளைக் குறிக்கத் தொடங்கியது. வேரைப் பார்த்து ‘சங்கிலித் தடுப்பு’ என்று தமிழாக்கினால் வழி தவறும். சங்கிலி என்றால் கைகோத்து நிற்கும் வரிசை கண்ணுக்குத் தெரியும். இந்த ஆட்டமோ வரிசையைக் கலைத்து, ஒருவரைப் பின்னுக்குப் பிரித்து எடுக்கும் ஆட்டம். இத்தாலிய நாளிதழ் அலுவலகங்களில் தலைப்புக்குக் கீழே வரும் துணைவரியையும், பேச்சுவழக்கில் ஓட்டை உடைசல் காரையும் இதே சொல்லால் குறிப்பதுண்டு. கால்பந்துப் பொருள் வந்தது தாழ்ப்பாளிலிருந்துதான்.

அதற்குச் சான்று, இந்த முறை இத்தாலிக்கு வருமுன் சுவிட்சர்லாந்தில் பெற்றிருந்த பெயர். வியன்னாவில் பிறந்த கார்ல் ராப்பான் 1930களில் ஜெனீவாவின் செர்வெத் கழகத்தையும் பின்னர் சூரிச்சின் கிராஸ்ஹாப்பர்ஸ் கழகத்தையும் பயிற்றுவித்தார். முழுநேரத் தொழில் ஆட்டக்காரர்களைக் கொண்ட வெளிநாட்டு அணிகளோடு உடல் வலுவில் சுவிஸ் அணிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அன்றைய 2-3-5 அமைப்பின் (இரு தடுப்பாளர், மூன்று நடுவரிசையினர், ஐந்து தாக்குநர்) நடுவரிசையில் ஓரங்களில் நின்ற இருவரையும் ராப்பான் பின்னுக்கு இழுத்து, எதிரணியின் ஓரத் தாக்குநர்களிடம் ஒப்படைத்தார். இதனால் நடுவே ஒதுங்கிய இரு தடுப்பாளர்களில் ஒருவர் பந்தை நோக்கிப் போக, மற்றவர் அவருக்குப் பின்னால் காப்பாக நிற்க முடிந்தது. பிரெஞ்சு மொழியில் இதற்கு ‘வெரூ’, ஜெர்மனில் ‘ரீகல்’ என்று பெயர். இரண்டுக்கும் பொருள் தாழ்ப்பாளே. 1938 உலகக் கோப்பையில், ஆஸ்திரியாவை விழுங்கி அதன் ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வந்த ஜெர்மனியை ராப்பானின் சுவிஸ் அணி பாரிசில் சந்தித்தது. முதல் ஆட்டம் 1-1. மறு ஆட்டத்தில் இரண்டு கோல் பின்தங்கிய பிறகு 4-2 என்று வென்றது.

இத்தாலியில் இது வேரூன்றியதும் எளிய அணிகளிடம்தான். காரணம் எண்ணிக்கைக் கணக்கு. 1940களில் பரவிய மூன்று தடுப்பாளர் அமைப்பில், மூன்று தாக்குநர்களுக்கு மூன்று தடுப்பாளர்கள். ஒருவரைத் தாண்டிவிட்டால் அடுத்து கோல்காப்பாளர்தான். திறன் மிக்க தாக்குநர்களை வாங்கப் பணமில்லாத கழகத்துக்கு இது தற்கொலை. சலேர்னித்தானாவின் பயிற்சியாளர் ஜீப்போ வியானி, பெயரளவில் முன்களத்தில் நிற்கவேண்டிய பிச்சினினியைப் பின்னுக்கு வரச்செய்து எதிரணியின் நடுத் தாக்குநரைக் காவல் காக்க வைத்தார். அந்த வேலையிலிருந்து விடுபட்ட நடுத் தடுப்பாளர் எல்லோருக்கும் பின்னால் உபரியாக நின்றார். 1947இல் அந்த அணி முதன்முறையாக இத்தாலியின் முதல்நிலை லீக்கான சேரியே ஆ பிரிவுக்கு உயர்ந்தது. மீனவர்கள் முதல் வலைக்குப் பின்னால் இன்னொரு வலை விரிப்பதைப் பார்த்து வியானிக்கு இந்த எண்ணம் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அழகான கதை, அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் நெரேயோ ரோக்கோ தன் ஊர் அணியான திரியெஸ்தினாவை, மாபெரும் தொரினோவுக்கு அடுத்தபடியாக, மிலான், யுவென்டஸ் இரண்டோடும் சமப் புள்ளியில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்.

எளியவர்களின் ஆயுதத்தைச் செல்வர்கள் கையில் எடுத்தது 1952-53இல். இன்டரின் அல்ஃப்ரேதோ ஃபோனி, வலது ஓரத் தாக்குநர் அர்மானோவைத் தன் பாதிக்குத் திரும்பிவந்து எதிரணியின் இடது ஓரத்தவரைக் காவல் காக்கப் பணித்தார். அதனால் விடுபட்ட வலது தடுப்பாளர் இவானோ பிளாசோன் பின்னால் போய் நின்றார். அந்தப் பருவத்தின் 34 ஆட்டங்களில் இன்டர் அடித்தது 46 கோல்கள், வாங்கியது 24. அதே பருவத்தில் 73 கோல்கள் அடித்த யுவென்டஸைப் பின்தள்ளி ‘ஸ்குதெத்தோ’ எனப்படும் லீக் பட்டத்தையும் அடுத்த ஆண்டு மீண்டும் அதையே வென்றது.

ஓர் அணி இவ்வளவு குறைவாகக் கோலடித்தும் பட்டம் வெல்ல முடிந்ததற்குப் புள்ளிமுறையும் காரணம். அன்று வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. வெளியூர் போய் சமன் செய்தால் பாதி வெற்றி. இத்தாலிய நாளிதழ்கள் ‘மேதியா இங்கிளேசே’ என்றொரு கணக்கைப் புள்ளிப்பட்டியலின் ஓரத்தில் அச்சிட்டு வந்தன. உள்ளூர் வெற்றியும் வெளியூர்ச் சமனும் அதில் பூச்சியம். அதாவது, எதிர்பார்த்தது நடந்தது. வெளியூர் வெற்றிக்குக் கூட்டல் ஒன்று, உள்ளூர்ச் சமனுக்குக் கழித்தல் ஒன்று. ‘உள்ளூரில் வெல், வெளியூரில் தோற்காதே’ என்பதே பட்டத்துக்குப் போதுமான சூத்திரமாக இருந்த காலத்தில் தாழ்ப்பாள் செழித்தது இயல்பே.

இனி, ஆட்டம் இயங்கும் விதம். எதிரணியின் ஒவ்வொரு தாக்குநருக்கும் ஒரு காவலர் பெயர் சொல்லி ஒதுக்கப்படுவார். ஸ்தோப்பெர் எனப்படும் நடுத் தடுப்பாளர் எதிரணியின் நடுத் தாக்குநரோடு ஒட்டிக்கொள்வார். அவர் எங்கே போனாலும் இவரும் போவார். இவர்களுக்குச் சில மீட்டர் பின்னால், பந்து இருக்கும் பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்பவர் லீபெரோ. ‘கட்டற்றவர்’ என்று பொருள்படும் இச்சொல்லைக் கால்பந்துக்குத் தந்தவர் பத்திரிகையாளர் ஜான்னி பிரேரா. காவல் பொறுப்பிலிருந்து கட்டற்றவர் என்பதே கருத்து. எதிரி ஒருவர் தன் காவலரைத் தாண்டினால் லீபெரோ பாய்ந்து தடுப்பார். தாண்டப்பட்ட காவலர் திரும்பி ஓடி லீபெரோ விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வேண்டும். இந்த இரண்டாம் பாதி நடக்காவிட்டால் மொத்த ஏற்பாடும் சரியும். பயிற்சியில் அதிக நேரம் விழுங்கியதும் அதுவே.

ஒரு விலையும் உண்டு. லீபெரோ அவ்வளவு பின்னால் நிற்பதால் ஆஃப்சைடு பொறி (தடுப்பாளர்கள் ஒன்றாக முன்னேறி எதிரணித் தாக்குநரை விதிமீறிய இடத்தில் சிக்கவைப்பது) வைக்க முடியாது; எதிரணித் தாக்குநர்கள் அவர் நிற்கும் கோடு வரை சட்டப்படி உலவலாம். அணி நீளமாக இழுபடும், நடுக்களம் காலியாகும். பந்தைப் பறித்த உடனே அந்தக் காலியிடத்தைத் தாண்டி நீளமாக முன்னே அனுப்ப ஆள் வேண்டும். அதனால்தான் கத்தெனாச்சோவுக்கு எதிர்த்தாக்குதல் ஒட்டுப்பகுதி ஆகாது, சரிபாதி. இத்தாலியர் அதைக் ‘கொந்த்ரோபியேதே’ என்பார்கள்.

எலெனியோ எரேரா 1960இல் இன்டருக்கு வந்து செய்தது இந்தப் பாதியைக் கூர்மைப்படுத்தியதுதான். பின்னால் லீபெரோவாகத் தலைவர் அர்மாந்தோ பிக்கி. முன்னே காவலர்களாகப் புர்ஞிச், குவார்னேரி. நடுவிலிருந்து நீண்ட பந்துகளை அனுப்ப லூயிஸ் சுவாரஸ், வலது ஓரத்தில் ஓட ஜாயிர், நடுவே பிளந்துகொண்டு போக சாந்த்ரோ மத்ஸோலா. இடப்பக்கம் மாரியோ கோர்சோ உள்நோக்கி நகர்ந்துவிடுவார். அவர் காலிசெய்த ஓரத்தில் இடது தடுப்பாளர் ஜச்சிந்தோ ஃபக்கெத்தி எதிரணியின் பெனால்டி பெட்டி வரை ஓடுவார். 1965-66 லீக்கில் அந்தத் தடுப்பாளர் அடித்தது 10 கோல்கள். ‘கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய அணி’ என்ற வர்ணனைக்கு இந்த ஒரு எண் போதுமான பதில். 1964இல் வியன்னாவில் ரியல் மாட்ரிட்டை 3-1 என்றும், 1965இல் சான் சீரோவில் பென்ஃபிகாவை 1-0 என்றும் வென்று இன்டர், கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. அதற்கு முன்பே, 1963இல், ரோக்கோவின் மிலான் அதே பென்ஃபிகாவை வெம்ப்லியில் 2-1 என்று வென்றிருந்தது. தாழ்ப்பாள் அணி என்று பெயரெடுத்த அந்த மிலானில் இரு கோல்களுக்கும் வழி திறந்தவர் ஜான்னி ரிவேரா என்ற பத்தொன்பது வயதுக் கலைஞர்.

தாழ்ப்பாள் எங்கே உடையும் என்பதை 1967 மே 25 அன்று லிஸ்பனில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகம் காட்டியது. 7ஆம் நிமிடத்தில் மத்ஸோலாவின் பெனால்டியில் இன்டர் முந்தியது, பிறகு பின்வாங்கியது. ஆளுக்கு ஆள் காவலில், தாக்குநர்களுக்குத்தான் காவலர் உண்டு. எதிரணியின் தடுப்பாளர் முன்னேறி வந்தால் அவரைப் பொறுப்பேற்க யாருமில்லை. செல்டிக் தன் இரு ஓரத் தடுப்பாளர்களையும் ஓயாமல் முன்னே அனுப்பியது. 63ஆம் நிமிடத்தில் வலது தடுப்பாளர் கிரேக் கொடுத்த பந்தை இடது தடுப்பாளர் ஜெம்மல் பெட்டியின் விளிம்பிலிருந்து அடித்துச் சமன் செய்தார். 84ஆம் நிமிடத்தில் சாமர்ஸ் வெற்றிக் கோலடித்தார். சுவாரஸ் காயத்தால் ஆடவில்லை. பறித்த பந்தை வெளியே கொண்டுபோக ஆளின்றி, அது மறுபடி மறுபடி செல்டிக் காலுக்கே திரும்பியது. ஐந்தாண்டு கழித்து ரோட்டர்டாமில் அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் அஜாக்ஸ் 2-0 என்று இன்டரை வென்றபோது, இடம் மாறிக்கொண்டே இருக்கும் தாக்குநர்களை ஆள் பார்த்துக் காவல் காப்பது எவ்வளவு கடினம் என்பது இன்னும் தெளிவானது.

தேசிய அணியில் கதை சற்று வேறு. 1982இல் பயிற்சியாளர் என்சோ பெயர்சோத் உலகக் கோப்பையை வென்றது கலப்பு முறையில்: ஜென்திலே மரதோனாவையும் அடுத்து ஜீக்கோவையும் ஆள் பார்த்துக் காவல் காத்தார், கயெத்தானோ ஷிரேயா லீபெரோ. ஆனால் ஷிரேயா பின்னாலேயே நிற்கவில்லை. மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதியாட்டத்தில் தர்தெல்லி அடித்த இரண்டாம் கோலுக்கு முன் எதிரணியின் பெட்டிக்குள் பந்தைப் பரிமாறிக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். இத்தாலியர் இதற்கு ‘சோனா மிஸ்தா’ என்று தனிப்பெயர் வைத்தார்கள். தமிழிலும் ‘கலப்புக் காவல்’ என்று பிரித்தே எழுதவேண்டும்.

முறை மறைந்ததற்குக் காரணங்கள் மூன்று திசையிலிருந்து வந்தன. அர்ரீகோ சாக்கியின் மிலான் 1987 முதல் லீபெரோவைத் துறந்து, நான்கு தடுப்பாளர்களை ஒரே வரிசையில் ஏற்றி நிறுத்தி, முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே 25 மீட்டருக்கு மேல் விடாமல் ஆடி 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றது. 1992இல் தன் அணியினர் காலால் திருப்பியனுப்பும் பந்தைக் கோல்காப்பாளர் கையால் எடுக்கத் தடை வந்தது. நெருக்கடியில் லீபெரோவுக்கு இருந்த புகலிடம் போயிற்று. 1994-95 முதல் சேரியே ஆவில் வெற்றிக்கு 3 புள்ளி. சமனின் மதிப்பு பாதியிலிருந்து மூன்றில் ஒன்றானது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘தற்காப்பு ஆட்டம்’ பொதுச்சொல். எல்லா வகைத் தடுப்புக்கும் பொருந்தும் என்பதாலேயே இதற்குப் போதாது. ‘கதவடைப்பு’ ஆலைகளோடும் கடைகளோடும் ஒட்டிவிட்டது. ‘பூட்டு’ சாவி கேட்கும் பொருள். இலங்கையில் ஆமைப்பூட்டு என்பார்களே, அதற்கு இத்தாலியத்தில் ‘லுக்கெத்தோ’ என்று வேறு சொல் உண்டு. மல்யுத்தத்தில் பூட்டு என்பது பிடியையும் குறிக்கும். ‘கணையம்’, ‘எழு’ என்ற பழஞ்சொற்கள் கோட்டைக் கதவின் குறுக்குமரத்தைக் குறித்தவை. பொருள் நெருக்கமானதே, ஆனால் இன்று கணையம் என்றால் வயிற்றிலுள்ள உறுப்புதான் நினைவுக்கு வரும். ‘தாழ்’ குறளின் ‘அடைக்குந்தாழ்’ தொட்டு வழங்கி வருகிறது. அதன் நீட்சியான ‘தாழ்ப்பாள்’ எந்த வீட்டிலும் புழங்கும் சொல். சாத்திய கதவுகள் காவலர்கள், அவற்றுக்குப் பின்னால் குறுக்கே விழும் இரும்பு லீபெரோ என்று உருவகமும் அப்படியே பொருந்துகிறது. எனவே ‘தாழ்ப்பாள் ஆட்டம்’. முதல் முறை வரும்போது பக்கத்தில் கத்தெனாச்சோ என்று எழுதிவிட்டால் போதும்.

லீபெரோவுக்குக் ‘கட்டற்ற தடுப்பாளர்’ என்பது சரியான ஈடு. ‘லிபரோ’ என்று அப்படியே எழுதினால் தமிழ் வாசகர் பலருக்குக் கைப்பந்துதான் மனதில் வரும். அங்கே 1998இல் சர்வதேச விதிகளில் நுழைந்த, வேறு நிறச் சட்டையணிந்த, பின்வரிசையில் மட்டும் ஆடும் தடுப்பாளர் அவர். பெயர் ஒன்று, வேலை வேறு. ஃபோனியின் அர்மானோ போலத் திரும்பி ஓடிவரும் ஓரத் தாக்குநருக்கு இத்தாலியத்தில் ‘தொர்னாந்தே’. தமிழில் ‘மீள்வரும் ஓரத்தவர்’ எனலாம்.

பயன்படுத்துமுன் ஒரே சோதனை: காவலர்களுக்குப் பின்னால் காவல் பொறுப்பில்லாத ஆள் ஒருவர் நிற்கிறாரா? 2004இல் ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையை வென்ற கிரீஸ் அணியில் ஓட்டோ ரேஹாகல் ஆளுக்கு ஆள் காவல் வைத்து, திரையானோஸ் தெல்லாஸைப் பின்னால் நிறுத்தினார். அதைத் தாழ்ப்பாள் ஆட்டம் என்று தயங்காமல் எழுதலாம். 2006இல் இத்தாலி உலகக் கோப்பை முழுவதிலும் வாங்கியது இரண்டே கோல்கள். ஒன்று சொந்த அணியினரே அடித்தது, மற்றது ஜிதானின் பெனால்டி. ஆனால் கன்னவாரோவும் கூட்டாளிகளும் ஒரே வரிசையில், இடம் பார்த்துக் காத்தார்கள். ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியின் கூடுதல் நேரத்தில் ஜிலார்தினோ, யாகுவிந்தா, தொத்தி, தெல் பியெரோ நால்வரையும் மார்ச்செல்லோ லிப்பி ஒன்றாகக் களத்தில் வைத்திருந்தார். அந்த அணிக்கு இந்தப் பெயர் பொருந்தாது.