தலைவலி வந்தால் கொண்டை ஊசி வளைவைக் குறை சொல்லாதீர்கள்

"மலை ஏறினால் தலைவலியும் குமட்டலும் வருவது சகஜம்தானே?" பழைய கார்களில் ஊட்டிக்கு வருபவர்கள் குளிர்காலம் தோறும் என் பட்டறையில் நின்று சொல்லும் வார்த்தை இது. இந்த ஜனவரியிலும் கேட்டேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதுகிறேன்.

வந்தது சமவெளியிலிருந்து ஒரு குடும்பம். அம்பாசடரை அருமையாகப் புதுப்பித்திருந்தார்கள். ஊட்டிக்கு அருகே உள்ள தலைக்குந்தாவில் உறைபனி பார்க்க விடியும் முன்பே போய், வெயில் வரும்வரை காருக்குள்ளேயே காத்திருந்திருக்கிறார்கள். நான்கு கண்ணாடிகளும் ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே கொஞ்சம் கதகதப்பாக இருக்கட்டும் என்று எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பாட்டிக்கு வாந்தி. அடுத்து எல்லோருக்கும் தலைவலி. பின்சீட்டில் தூங்கிய குழந்தையை உலுக்கியும் எழுப்ப முடியவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே இறங்கிய பிறகுதான் அது கண் விழித்தது. என்னிடம் அவர்கள் வந்தது ஹீட்டர் பொருத்த முடியுமா என்று கேட்க. குழந்தை விஷயத்தைப் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார்கள். "வளைவில் வந்த களைப்பு, நல்ல தூக்கம்."

காரைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து குழாய் இறங்கும் இணைப்பில், கசிவைத் தடுக்கும் கேஸ்கட் எரிந்து போயிருந்தது. சுற்றிலும் மை அப்பியதுபோல் கரி. சைலென்சரின் மேல்பக்கத்தில், கீழே குனிந்து பார்த்தால் கண்ணில் படாத இடத்தில், துரு தின்ற ஓட்டை. எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டில், பழைய ஒயரை உருவிய துளை மூடப்படாமல் இருந்தது. பெயின்டுக்கும் குரோமியத்துக்கும் லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள், சைலென்சர் வழியைப் பார்க்கச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. அதைச் செய்து கொடுத்த பட்டறைக்கும் தோன்றவில்லை. என் தொழில்காரர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

அது களைப்பு அல்ல, எஞ்சின் புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு.

வளைவில் வரும் குமட்டலைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அங்கேதான். மேட்டுப்பாளையம் சாலையோ 36 வளைவுகள் கொண்ட கல்லட்டி சாலையோ, வளைவுகளால் குமட்டல் வருவது உண்மைதான். ஆனால் அது காரில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வராது. வழக்கமாகப் பின்சீட்டில் இருப்பவருக்கு, போனைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்கு வரும். சாலையைப் பார்த்து ஓட்டுபவருக்கு அநேகமாக வராது. கார் நின்றதும் மெல்லத் தணியும். விஷக்காற்று அப்படியல்ல. ஓட்டுபவர், குழந்தை, வயதானவர் என்று பாரபட்சம் இல்லாமல் எல்லோரையும் சேர்த்துப் பிடிக்கும். கார் நின்று எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கூடும். இறங்கி வெளியே நின்றால் குறையும். இன்னும் சிலர் உயரத்தைக் காரணம் சொல்கிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் சிலருக்குத் தலைவலி வரலாம். ஆனால் அது வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். காரை விட்டு இறங்கிய சில நிமிடங்களில் விலகிவிடாது. ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காருக்குள் இருந்த எல்லோருக்கும் சேர்ந்து வந்ததா, இறங்கி வெளியே நின்றதும் குறையத் தொடங்கியதா? ஆம் என்றால் வளைவின்மேல் பழி போடாதீர்கள்.

"புகை உள்ளே வந்தால் வாடை தெரியுமே" என்பது அடுத்த சமாதானம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூடவே வரும் பெட்ரோல் வாடையைத்தான் நாம் முகர்கிறோம். பழைய கார் வைத்திருப்பவர்களின் மூக்கு அந்த வாடைக்கு என்றைக்கோ பழகிவிட்டது.

அளவு எவ்வளவு என்று கேட்பவர்களுக்காக: பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையில் 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு அனுமதி உண்டு. அதாவது 10 லட்சம் பங்கில் 30,000 பங்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் அது 1,600 பங்கு இருந்தாலே 20 நிமிடத்தில் தலைவலியும் மயக்கமும் தொடங்கும். 2 மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். புகைச் சான்றிதழைக் காட்டி "நம் வண்டி பாஸ்" என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். தேர்ச்சி பெற்ற காரின் புகையே இப்படித்தான். இந்தப் பழைய வண்டிகளில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பெரும்பாலும் கிடையாது. பெட்ரோல் கலவையைக் கூட்ட சோக் இழுத்துவிட்ட குளிர்ந்த எஞ்சினில் அளவு இன்னும் கூடும். கீழே கோயம்புத்தூரில் டியூன் செய்த கார்புரேட்டர், மலைமேல் காற்று லேசாகிவிடுவதால் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கலக்கும், அதனாலும் கூடும். குளிர், உயரம், பழைய எஞ்சின், மூடிய கண்ணாடி எல்லாம் ஒன்றுசேரும் இடம் ஜனவரி மாத நீலகிரி.

பின்கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலென்சர் புகை வண்டியின் முதுகிலேயே சுழலும். பின்கண்ணாடியோ, சரியாக மூடாத டிக்கியோ அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். திறப்பதானால் முன்னால் இருக்கும் முக்கோணக் கண்ணாடியைத் திறவுங்கள். அதுவும் ஓடும் வண்டிக்குத்தான். நின்ற வண்டியில் எஞ்சினை அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் எஞ்சின் காற்றால் குளிர்வது; சூடு எடுக்கத் தண்ணீர் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள தகரப் பெட்டிக்குள் காற்றை ஓட்டித்தான் அந்தக் கார் உங்கள் காலைச் சூடாக்குகிறது. உள்ளே குழாய் துருப்பிடித்து ஓட்டையானால், ஹீட்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புகையை நேராக உங்களிடமே அனுப்பும். அந்தப் பெட்டிகளைக் கழற்றிப் பார்க்காமல் மலையில் ஹீட்டரைத் தொடாதீர்கள்.

அம்பாசடர், பத்மினி போன்றவற்றில் ஹீட்டர் இருந்தால் அது எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீரில் இயங்கும். "ஹீட்டர் போட்டும் சூடே வரவில்லை" என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு, இருக்காது. கொதிக்கிறது என்று கீழே யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். நம் ஊர்ப் பட்டறைகளின் தீராத பழக்கம் அது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் இந்தக் குளிரில் சூடேறவே ஏறாது. தடுமாறும் எஞ்சினுக்காக ஓட்டுபவர் சோக்கை இழுத்தே வைத்திருப்பார், நச்சும் பெருகும். புதிய தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். குளிர்காற்றைத் தடுக்க ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை செருகும் வித்தை ஏற்றத்தில் எஞ்சினைக் கொதிக்கவைத்துவிடும்.

சிகரெட் லைட்டரில் செருகும் மின்சார ஹீட்டர்களையும் வாங்கி வருகிறார்கள். 150 வாட் ஹீட்டர் 12 வோல்ட்டில் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய டைனமோ மொத்தமாகத் தருவதே 20, 22 ஆம்பியர்தான். அதில் விளக்கும் வைப்பரும் ஓட வேண்டும். பழைய ஒயரின் காப்பு இளகித் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்? அது வேண்டாம். கரி அடுப்பைக் காருக்குள் வைக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் இறந்த செய்திகள் இந்த மலையில் புதிதல்ல.

குளிருக்கு என்னதான் செய்வது? உடம்பில் போர்த்துங்கள். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு மேல். காதை மூடும் குல்லா, கழுத்துக்கு மஃப்ளர், கம்பளிக் காலுறை. ரெக்ஸின் சீட் சில்லென்று உடம்புச் சூட்டை உறிஞ்சும். மேலே கம்பளி விரியுங்கள். பின்னால் இருப்பவர்களுக்கு மடியில் போர்வையும் வெந்நீர்ப் பையும் போதும். ஓட்டுபவர் மட்டும் தடித்த பூட்ஸ் போடக் கூடாது. பெடல்கள் நெருக்கமாக இருக்கும் வண்டிகளில் பிரேக்கோடு ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து மிதிபடும். மணிக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி நடந்து, சூடாக ஏதாவது குடியுங்கள்.

மலை ஏறும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில. குளிர்ந்த எஞ்சினை இயக்கி, ஈரத்துணியைப் பலமடிப்பாக மடித்து, ஒருவர் சைலென்சர் வாயை ஒரு நொடி அழுத்திப் பிடிக்கட்டும். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொருவர் பானட்டின் அருகே காது கொடுத்தால் கசியும் இடம் "உஸ்" என்று காட்டிக்கொடுத்துவிடும். இதைத் திறந்தவெளியில் செய்ய வேண்டும், ஷெட்டுக்குள் செய்யவே கூடாது. டிக்கிக் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் செத்துவிட்டது. மிதியடியைத் தூக்கி, பெடல் துளைகளையும் ஒயர் துளைகளையும் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் புகையும் வரும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி உள்ளே வையுங்கள். இத்தனை ஆசையாகக் காரை வளர்ப்பவர்கள் இதற்கு யோசிக்காதீர்கள், தயவுசெய்து.

அப்படியும் காருக்குள் எல்லோருக்கும் தலை கனத்தால் உடனே எஞ்சினை அணைத்து அனைவரையும் வெளியே இறக்குங்கள். யாராவது தள்ளாடினாலோ, கூப்பிட்டும் எழவில்லை என்றாலோ 108ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி 98 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தை அது ஆக்ஸிஜன் உள்ள ரத்தமாகவே கணக்கிட்டுவிடும். மருத்துவமனையில் "மலை ஏறி வந்தோம், வாந்தி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பழைய கார், கண்ணாடி மூடியிருந்தது, எஞ்சின் ஓடியது, எல்லோருக்கும் சேர்ந்து வந்தது" என்று சொல்லுங்கள். வண்டியில் கர்ப்பிணி இருந்தால், அவருக்குத் தலைவலி லேசாக இருந்தாலும், முதலில் அவரைக் காட்டுங்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து அதிகம்.

அதே காரில் அன்று மாலையே மலை இறங்கக் கூடாது. சைலென்சர் வழியைச் சரிசெய்யும்வரை அது பட்டறையிலேயே நிற்கட்டும், நீங்கள் பஸ்ஸில் ஊருக்குப் போங்கள்.